யாருடைய ஊர், யாருடைய வாக்கு?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. நம் நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருபவர். அவருடைய மகன் அமெரிக்காவில் வேலைக்குப் போய், இப்போது அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டார். அவர் வாழும் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்துக்கு மட்டும், ஓர் அளவுக்கு உட்பட்டு, சூதாட்ட விடுதிகள் நடத்த அனுமதி கொடுக்கலாமா என்று மாநில மக்கள் எல்லாரிடமும் கேட்கப்போகிறார்களாம். தொலைபேசியில் பேசும்போது மகன் சொன்னதை அந்த அம்மா அப்படியே எழுதியிருந்தார்: "அது எங்க ஊர் இல்லம்மா. நானும் ஆடப் போறதில்ல. அந்த ஊர்க்காரங்க கேக்கறாங்க, குடுத்துட்டுப் போவோம்." பிறகு தம் கேள்வியையும் எழுதியிருந்தார்: "சாமி, அரசாங்கமே அனுமதி கொடுத்து, சனங்களும் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால் அது பாவம் ஆகாதா? என் மகன் எப்படிப் போட வேண்டும்?"

மாநிலத்தின் பெயரை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் இங்கிருந்துகொண்டு, "இதற்குப் போடு, அதற்குப் போடாதே" என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் இதே கேள்வி ஏற்கெனவே ஒரு மாநிலத்தில் கேட்கப்பட்டு, மக்கள் பதிலும் சொல்லி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அங்கே என்ன நடந்தது என்று பார்ப்பது நமக்கு உதவும்.

தெற்கு டகோட்டா மாநிலத்தில் டெட்வுட் என்று ஒரு ஊர் இருக்கிறது. பட்டமரம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1876-இல் தங்கம் தேடி வந்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் பட்டுப்போன மரங்களைப் பார்த்து வைத்த பெயர். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், அந்த நாட்டுக் கதைகளிலும் படங்களிலும் வரும் வைல்ட் பில் ஹிக்காக் என்ற துப்பாக்கி வீரர் அங்கே ஒரு மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவன் சுட்டுக் கொன்றான். சூதாட்டம் அந்த ஊருக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அந்த ஊர் எழுந்த மண் அந்தத் தங்க வேட்டைக்காரர்களுடையதே அல்ல. அது லக்கோட்டா பழங்குடி மக்கள் புனிதமாகக் கருதும் மலைநாடு. 1868-இல் அமெரிக்க அரசே ஒப்பந்தம் எழுதி அது அவர்களுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தது. தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போயிற்று. 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிலம் முறையின்றிப் பறிக்கப்பட்டது என்று சொல்லி, இழப்பீடு தர வேண்டும் என்றது. லக்கோட்டா மக்களோ, எங்களுக்குப் பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று சொல்லி அந்தப் பணத்தை இன்றுவரை தொடவில்லை. வறுமையில் வாழும் மக்கள் அவர்கள்.

சரி, டெட்வுட்டுக்கு வருவோம். தங்கம் குறைந்தது, ஊர் தளர்ந்தது. 1961-இல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ஆனால் அறிவிப்பால் ஓட்டைக் கூரை ஒழுகாமல் இருக்குமா? பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்க ஊரில் பணம் இல்லை. 1987 டிசம்பரில் கடைவீதியில் பழைய கட்டிடம் ஒன்று தீயில் எரிந்துபோனது. இனி இப்படியே விட்டால் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்ற கவலை ஊரைப் பிடித்தது. ஊர்க்காரர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள்: சிறிய அளவில் சூதாட்டத்தை அனுமதித்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், அந்த வருமானத்தில் ஊரைக் காப்பாற்றலாம்.

இவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தாங்கள் பிறந்த ஊர் கண்ணெதிரே சாவதைப் பார்த்தவர்கள். நம் பங்கிலும் கோயில் கோபுரத்தில் விரிசல் விழுந்தபோது நாம் எத்தனை விதமாக யோசித்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

மாநில அரசியல் சட்டம் இத்தகைய சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது. ஆகவே ஒரே ஒரு ஊருக்கு விலக்கு அளிக்க வேண்டுமானாலும், அப்போது ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழ்ந்த அந்த மாநிலம் முழுவதும் வாக்களிக்க வேண்டும். 1988 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் சம்மதம் தந்தார்கள். பிறகு டெட்வுட் மக்களும் தனியாக வாக்களிக்க வேண்டும், அதில் 60 விழுக்காடு பேராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அதுவும் நிறைவேறியது. நகராட்சிக்குக் கிடைக்கும் நிகர வருமானம் முழுவதும் வரலாற்றுக் கட்டிடங்களைப் பாதுகாக்கவே செலவிடப்பட வேண்டும் என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1989 நவம்பர் முதல் நாள் ஆட்டம் தொடங்கியது. போக்கர், பிளாக்ஜாக் என்ற இரு சீட்டாட்டங்கள், காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்கள், இவ்வளவுதான். ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 5 டாலர்.

பார்த்தீர்களா, எவ்வளவு ஜாக்கிரதையாக வேலி போட்டிருக்கிறார்கள்! ஓர் ஊர், ஐந்து டாலர், பணம் நல்ல காரியத்துக்கு. இதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் திருச்சபை என்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம். இதில் நம்மிடையே இரண்டு பக்கமும் தவறான எண்ணம் இருக்கிறது.

சூதாட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே சாவான பாவம் என்று சொல்பவர்கள் உண்டு. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2413-ஆம் எண்ணில், பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் அவற்றின் இயல்பிலேயே நீதிக்கு எதிரானவை அல்ல என்றுதான் தொடங்குகிறது. சீட்டு எடுத்து முடிவு செய்வதும் விவிலியத்துக்குப் புதிதல்ல. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தபோது திருத்தூதர்கள் செபித்துவிட்டுச் சீட்டுதான் குலுக்கினார்கள். நானே சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குலுக்கல் சீட்டு விற்றிருக்கிறேன். முதல் பரிசு ஒரு மிதிவண்டி. ஒரு புத்தகம் முழுவதும் விற்றவனுக்கு ஐஸ் இலவசம் என்பதால், வீடு வீடாக ஓடி விற்றேன்.

ஆனால் அதே 2413 அடுத்த அடியிலேயே எல்லையைக் காட்டுகிறது. ஒருவன் தனக்கோ, தன்னை நம்பியிருப்பவர்களுக்கோ தேவையான பணத்தைப் பந்தயத்தில் வைத்தால் அது ஏற்கத்தக்கதல்ல. அந்த ஆசை ஒருவனை அடிமையாக்கும் ஆபத்து உண்டு. ஆட்டத்தில் ஏமாற்றுவது கனமான காரியம். ஆக, "விளையாட்டா, பாவமா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. யாருடைய அரிசிப் பானையிலிருந்து அந்தப் பணம் வருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

சிலுவையின் அடியில் நடந்த குலுக்கலையும் நினைத்துப் பாருங்கள். படைவீரர்கள் ஆண்டவருடைய தையல் இல்லாத அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி, தண்டனை பெற்றவனின் உடை காவலர்களுக்குத்தான். சட்டப்படி அதில் பிழையில்லை. பங்கிட்டதிலும் ஏமாற்று இல்லை. ஆனால் அவர்கள் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். அந்த அங்கிக்கு உரியவர் தலைக்கு மேலே உயிர் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தாய் பக்கத்தில் நின்றார்.

இப்போது டெட்வுட்டில் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். வாக்குறுதி கொடுத்த பணம் வந்தது. கட்டிடங்கள் பழுதுபார்க்கப்பட்டன, தெருக்கள் சீரமைக்கப்பட்டன, கல்லறைத் தோட்டம்கூடப் பராமரிக்கப்பட்டது. வேலைகள் வந்தன. இன்று போய்ப் பார்ப்பவர்கள் அழகான ஊர் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் ஆட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே கடைவீதி மாறத் தொடங்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள்: ஒரு துணிக்கடைக்காரர் மாதம் முழுவதும் விற்றுச் சம்பாதிப்பதை நாலைந்து இயந்திரங்கள் சில நாள்களில் சம்பாதித்துக் கொடுத்தால், கட்டிடத்துக்கு உரிமையாளர் யாருக்கு வாடகைக்கு விடுவார்? மளிகை, துணி, அன்றாடச் சாமான் விற்ற கடைகள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்தன. சொத்தின் மதிப்பு ஏறியது, அதோடு வரியும் ஏறியது. யாரும் கடைக்காரர்களைத் துரத்தவில்லை. கணக்குதான் துரத்தியது.

1990-இல் அந்த ஊரின் மக்கள்தொகை 1,830. 2000-இல் 1,380. 2020-இல் 1,156. எல்லாவற்றுக்கும் சூதாட்டமே காரணம் என்று சொல்லமாட்டேன். பக்கத்து ஊரில் இருந்த பெரிய தங்கச் சுரங்கமும் 2002-இல் மூடப்பட்டது. ஆனால் ஊரைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்று வாக்குக் கேட்டார்கள் அல்லவா? சுவர்கள் காப்பாற்றப்பட்டன. மனிதர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டார்கள். நாம் கோயில் என்று சொல்லும்போது கட்டிடத்தைச் சொல்கிறோமா, சபையைச் சொல்கிறோமா என்ற பழைய கேள்விதான் இது.

அடுத்து அந்த வேலி. 5 டாலர் போதாது, 100 ஆக்க வேண்டும் என்று விரைவிலேயே கேட்டார்கள். 1993-இல் மக்கள் வாக்களித்து மறுத்தார்கள். 2000-இல் மீண்டும் கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள். 2012-இல் 1,000 டாலர் ஆனது. 2014-இல் சுழல்சக்கரமும் பகடையும் சேர்க்கப்பட்டன. 2020-இல் விளையாட்டுப் போட்டிகள் மீது பந்தயம் கட்டவும் வாக்கெடுப்பில் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: மற்ற இடங்களில் இதைவிடப் பெரிதாக நடத்துகிறார்கள், நாமும் செய்யாவிட்டால் கூட்டம் அங்கே போய்விடும். அதுவும் பொய்யல்ல. டெட்வுட்டைப் பார்த்து 1990-இல் கொலராடோ மாநிலம் மூன்று பழைய சுரங்க ஊர்களுக்கு இதே ஐந்து டாலர் அளவில் அனுமதி கொடுத்தது. அங்கும் 2008-இல் 100 டாலர் ஆகி, 2020-இல் அந்த உச்சவரம்பை நீக்கும் அதிகாரத்தை அந்த ஊர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1992-இல் இன்னும் பல ஊர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டபோது, கொலராடோ மக்கள் எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொன்னார்கள். மூன்று ஊர்களில் ஒரே ஆண்டில் கண்ணால் பார்த்தது அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

சூது என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், தோற்றவனைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பே வென்றவனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். மீன் இரையென்று நினைத்துத் தூண்டில் முள்ளை விழுங்குவதைப் போன்றது அந்த வெற்றி என்கிறார். தனி மனிதனுக்குச் சொன்னது ஓர் ஊருக்கும் பொருந்துகிறது. டெட்வுட் தோற்கவில்லை, வென்றது. அதனால்தான் அதனால் நிறுத்த முடியவில்லை.

இன்னொரு செய்தியைச் சொல்கிறேன். இது அந்த ஊரைப் பற்றியதல்ல, மாநிலம் முழுவதையும் பற்றியது. டெட்வுட்டில் ஆட்டம் தொடங்கிய அதே 1989-இல், அந்த மாநில அரசே மதுக்கடைகளில் லாட்டரி இயந்திரங்களை நடத்தத் தொடங்கியது. 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னதால், ஆகஸ்டில் இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. அந்த மூன்று மாதங்களில், சூதுப் பழக்கத்திலிருந்து விடுபட உதவி கேட்டுச் சிகிச்சை மையங்களைத் தேடி வந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நவம்பரில் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், இயந்திரங்கள் திரும்பி வந்தன. உதவி கேட்பவர்களும் மறுபடி வரத் தொடங்கினார்கள். 2000-இலும் 2006-இலும் அவற்றை ஒழிக்கக் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் தோற்றது. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பணம் ஏற்கெனவே ஓர் இடத்தைப் பிடித்துவிட்டது. அதை எடுத்துவிட்டால் வரியை உயர்த்த வேண்டும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது.

இங்கேதான் அறநெறி இறையியலில் நாங்கள் படித்த ஒரு வேறுபாடு உதவுகிறது. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடை செய்ய வேண்டியதில்லை, பிறருக்குப் பெருங்கேடு செய்பவற்றைத் தடுத்தால் போதும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். ஆகவே ஒரு கிறிஸ்தவர், "இதைத் தடை செய்து பயனில்லை, பொறுத்துக்கொள்வோம்" என்று மனச்சாட்சியோடு முடிவு செய்ய இடமுண்டு. ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, பங்காளியாவது வேறு. ஒரு குடிமகன் தன் கடைசி இருபது டாலரை இழக்கும்போது அதில் அரசுக்கும் நகராட்சிக்கும் பங்கு போகிறதென்றால், அவன் அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போய்விடுவது அரசுக்கு நட்டம். தன் மக்களின் பலவீனம் தன் வருமானமாக மாறிவிட்ட அரசால் அந்த மக்களை எப்படிக் காக்க முடியும்?

இது நமக்குத் தெரியாத கதை இல்லை. தமிழ்நாட்டில் 1968-இல் அரசு லாட்டரிச் சீட்டு தொடங்கியபோது என்ன சொன்னார்கள்? "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு." எவ்வளவு அழகான வாசகம்! தோற்றவனுக்கும் ஒரு தியாகியின் பட்டம். 2003-இல் அரசு அதைத் தடை செய்யும் வரை எத்தனை வீடுகளின் காசு அந்த வழியாகப் போயிற்று என்பது ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். தேநீர்க்கடை வாசலில் கயிற்றில் தொங்கிய சீட்டுகளும், மாலையில் முடிவு பார்க்க நின்ற கூட்டமும் என் கண்ணிலேயே இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் பணக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அம்மா, இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். "அது என் ஊர் இல்லை" என்கிறார். அந்த ஊரைப் பற்றி அவரிடம் கேட்கிறார்கள் என்பதாலேயே அது அவருக்கு அயலாராகிவிட்டது. வாக்குரிமை பொதுநலனுக்காகக் கொடுக்கப்பட்ட பொறுப்பு என்று திருச்சபை சொல்கிறது. "நான் ஆடமாட்டேன்" என்பது அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய செய்தி. வாக்குச்சீட்டு அதைக் கேட்கவில்லை. ஆடாமல் இருக்க முடியாதவனின் மனைவிக்கு என்ன ஆகும் என்று கேட்கிறது.

எனவே அந்த முன்மொழிவை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டாம். அந்த ஊர் மக்களுக்குத் தனி வாக்கெடுப்பு உண்டா, கேட்பவர்கள் உண்மையில் ஊர்க்காரர்களா அல்லது வெளியிலிருந்து வந்த முதலாளிகளா என்று பார்க்கச் சொல்லுங்கள். பந்தய உச்சவரம்பை உயர்த்த வேண்டுமானால் மறுபடி மக்களிடம் வர வேண்டுமா, சட்டமன்றமே உயர்த்திக்கொள்ளலாமா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்று போடுகிற வேலியைப் பற்றித்தான் அவர் வாக்களிக்கிறார், நாளை அதை நகர்த்துகிற கை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பணத்தில் எவ்வளவு, பழக்கத்துக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்குப் போகிறது என்றும் பார்க்கலாம். இவ்வளவையும் பார்த்தபின் அவர் சம்மதம் என்று வாக்களித்தால், அவரைப் பாவி என்று நான் சொல்லமாட்டேன். நான் அங்கே இருந்தால் வேண்டாம் என்றுதான் வாக்களிப்பேன். ஏன் என்பதை இவ்வளவு நேரம் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், பேனா மாறி, சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். வானொலியில் சொல்லலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டேன், பெயர் இல்லாமல் சொல்லலாம் என்றீர்கள். உங்கள் கணவர் தையல் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், குடிக்கமாட்டார், கை ஓங்கியதில்லை. தினமும் சீட்டு வாங்கினார். ஒரு முறை ஐந்நூறு ரூபாய் விழுந்தது, அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை. முதலில் உங்கள் வளையல் அடகுக்குப் போனது, பிறகு இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்று, பிறகு மற்றொன்று. மகனுக்கு அப்போது பத்து வயது. கடை ஏன் மூடப்பட்டது என்று கேட்டபோது, அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்று சொல்லி வைத்தீர்கள். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்.

கணவரின் நல்ல பெயரைக் காப்பாற்றினீர்கள். அதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் அம்மா, என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அந்த வாக்கெடுப்பு நாளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் அழைக்கும்போது, அவரை உட்காரச் சொல்லி, அந்தத் தையல் கடையின் கதையைச் சொல்லுங்கள்.